முதலில் ஓட்டை அடைபடட்டும்

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் குறைபாடு அம்பலமானது. எல்லாத் தளங்களிலும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள் என்று மறுநாளே டம்ப்ளர் வலைத்தளம் தன் பயனாளர்களைக் கேட்டுக்கொண்டது. அக்கறையான அறிவுரைதான். ஆனால் அதில் பாதிதான் சரி.

இணைய முகவரிக்கு அருகே அன்று தெரிந்த பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் பல தளங்களில் வேலை செய்த ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த பிழை அது. கூகுளின் நீல் மேத்தாவும் ஃபின்லாந்தின் கோடினோமிகான் நிறுவனப் பொறியாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதற்குள் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி ஏதோ ஒரு சொல்லை அனுப்பும். சர்வர் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். 'கடல், மூன்று எழுத்து' என்றால் 'கடல்' வரும். 'கடல், 64,000 எழுத்து' என்று பொய் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. 'கடல்' என்று தொடங்கி, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தது. சற்று முன் யாரோ தட்டிய கடவுச்சொல் அதில் இருக்கலாம். தளத்தின் ரகசியச் சாவியே இருக்கலாம். வந்து போனதற்கு வழக்கமான பதிவுகளில் தடயமும் இருக்காது.

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. ஓட்டை அடைபடாத தளத்தில் கடவுச்சொல்லை மாற்றினால், அந்தப் புதிய கடவுச்சொல்லும் அதே நினைவகத்தில்தான் வந்து கிடக்கும். தளம் முதலில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பழைய சாவியைத் தூக்கி எறிந்து புதிய சாவிக்கான சான்றிதழ் பெற வேண்டும். அதன் பிறகே பயனாளரின் முறை. அடைத்துவிட்டோம், இந்தத் தேதியில் அடைத்தோம் என்று தளம் வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், வீட்டில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

கனடாவின் வருமான வரித் துறை இதில் பாராட்டத்தக்க ஒரு காரியம் செய்தது. வரிக்கணக்கு தாக்கல் செய்யும் பருவம் என்றும் பாராமல் இணையச் சேவையை நிறுத்தியது. அதற்குள் சுமார் 900 பேரின் சமூகக் காப்பு எண்கள் களவு போயிருந்தன. அவர்களுக்குப் போன் செய்யவில்லை, மின்னஞ்சலும் அனுப்பவில்லை. பதிவுத் தபால் அனுப்பியது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் 'உங்கள் கணக்கைச் சரிபார்க்க இங்கே தட்டுங்கள்' என்று போலி மின்னஞ்சல்கள் கிளம்பும் என்பது அந்தத் துறைக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ஓட்டை வெளிவரும் நாளிலும் அத்தகைய இணைப்புகளைத் தொடக் கூடாது. தளத்தின் முகவரியைத் தானே தட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் வைத்திருப்பவருக்கு ஒரு தளத்தின் கசிவு பத்துத் தளங்களின் கசிவு. தளங்கள் சரியானதும் மாற்றும் வேலையை மின்னஞ்சலில் தொடங்குவது நல்லது, அங்கே ஓ.டி.பி. பாதுகாப்பையும் சேர்த்து. மற்றத் தளங்களில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பதைத் தட்டினால் மாற்றும் இணைப்பு வந்து விழுவது பெரும்பாலும் அந்த மின்னஞ்சலில்தான்.