பி.எஸ்.ஏ. பரிசோதனை: இலக்கம் சொல்வதும் சொல்லாததும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் அறுபது வயதைக் கடந்த தந்தையருக்கு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்பி முழு உடற்பரிசோதனை செய்விப்பது வழமையாகிவிட்டது. ஆண்களுக்கான பரிசோதனைப் பட்டியலில் பி.எஸ்.ஏ.யும் சேர்க்கப்படுகின்றது. அறிக்கையில் 4 நனோகிராமுக்கு மேற்பட்ட அளவு காணப்பட்டால் அன்றே அவ்வீட்டில் துக்கம் குடியேறிவிடுகின்றது. இவ்வச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது?

பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் எனப்படும் முன்னிற்கும் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதமாகும். முதுமையில் அச்சுரப்பி பருத்தாலும், சிறுநீர்த் தொற்று ஏற்பட்டாலும் அதன் அளவு உயரும். உயர்ந்த அளவு காரணமாக இழையப் பரிசோதனைக்கு உட்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகின்றது. மறுபுறம், அளவு குறைவாக இருந்தும் நோய் இருக்கக்கூடும்.

ஐரோப்பாவில் சுமார் 162,000 ஆண்களை 23 ஆண்டுகள் அவதானித்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியாகியது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயினாலான மரணம் 13 வீதம் குறைந்திருந்தது. அது மெய்யான பயனே. ஆயினும் ஒரு மரணத்தைத் தடுக்க 456 பேர் அழைக்கப்பட வேண்டியிருந்தது. மேலதிகமாகப் 12 பேர் நோயாளர் என அறிவிக்கப்பட வேண்டியிருந்தது. அத்தகையோரிற் பலரின் நோய் மெதுவாக வளர்வது. ஆயுட்காலத்தில் தொல்லை தராமலே இருந்திருக்கலாம். சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ பெற்றபின் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் சிலரை வாட்டுகின்றன. ஐவேளையும் வுழூச் செய்து பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியவருக்கு, மார்க்கம் சலுகை வழங்கியபோதிலும், சிறுநீர்க் கசிவு தரும் மனவேதனை சிறிதன்று. கோயிலுக்குச் செல்பவரின் நிலையும் அதுவே.

அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2012இல் இப்பரிசோதனை வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயது வரையானோர் வைத்தியருடன் கலந்துரையாடித் தாமே தீர்மானிக்கலாம் என மாற்றிக்கொண்டது. எழுபதுக்கு மேற்பட்டோருக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை. நமது ஆய்வுகூடங்களிலோ இரத்தம் எடுக்கப்பட்ட பின்னரே பேச்சு ஆரம்பமாகின்றது. சில வேளைகளில் அதுவுமில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் ஓர் இலக்கம் தடித்த எழுத்தில் நிற்கும், அவ்வளவே. பொதி பொதியாகப் பரிசோதனைகளை விற்பவர்கள், அதன் பொருளைத் தமிழில் விளக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாமா?

அளவு உயர்ந்திருந்தால், தொற்று இல்லையென உறுதிசெய்து சில வாரங்களின் பின் மீண்டும் பரிசோதிப்பதே முதற்படி. அடுத்து எம்.ஆர்.ஐ. படம், தேவையாயின் மட்டுமே ஊசி. தீவிரமற்ற நோயெனில் சிகிச்சையின்றிக் கண்காணித்து வருவதும் இன்று ஏற்கப்பட்ட முறையாகும்.

சிறுநீர் கழிப்பதில் சிரமம், சிறுநீரில் இரத்தம், தீராத முதுகெலும்பு வலி உடையோரின் நிலை வேறு. அவர்கள் கூச்சத்தை விடுத்து உடனே வைத்தியரை நாட வேண்டும். புற்றுநோய் உறுதியானால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது.