'எந்திரன்' ரஜினிக்கு டூப் போட்டவர் ஒரு கதாநாயகன்! பெயர் ஓடும்போது விளக்கைப் போடலாமா?

திருவண்ணாமலை:

ரஜினிகாந்த் படம் என்றால் திருவண்ணாமலையில் தனி மவுசு. மலையின் பெயரையே தலைப்பாக வைத்து 1997-ல் 'அருணாசலம்' வந்தது. அன்றில் இருந்தே இந்த ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் கொஞ்சம் உரிமை ஜாஸ்தி.

அவர் நடித்த விஞ்ஞானப் படம் 'எந்திரன்' 2010 அக்டோபர் 1-ந்தேதி வெளியானது. இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் கடைக்காரர் கல்லாவை விட்டு எட்டிப் பார்க்கிறார். தேரடி வீதி டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் போதும், சிட்டி ரோபோ பேசிய வசனத்தை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார்கள்.

சரி, அந்தச் சிட்டிக்கு டூப் போட்டது யார் என்று கேளுங்கள். கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு விழிப்பார்கள்!

காற்றோடு பேச முடியுமா?

படத்தில் இரண்டு ரஜினி. ஒருவர் விஞ்ஞானி வசீகரன். இன்னொருவர் அவர் செய்த ரோபோ. இரண்டு பேரும் எதிர் எதிரே நின்று பேசுகிறார்கள். இருப்பதோ ஒரே ரஜினி. எப்படி எடுத்தார்கள்?

இந்த மாதிரிக் காட்சிக்கு ஓர் ஆள் வேண்டும். அதே உயரம், அதே தோள், அதே சட்டை. ரஜினி விஞ்ஞானியாகப் பேசும்போது ரோபோ இடத்தில் டூப் நிற்பார். பிறகு ரஜினி உடை மாற்றி ரோபோவாக வருவார். டூப் இந்தப் பக்கம் வந்து விஞ்ஞானி ஆகிவிடுவார். இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒட்டுவார்கள்.

டூப்பின் முகம் தெரிந்துவிட்டால் காட்சி கெட்டது. தெரியாவிட்டால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்று அர்த்தம். என்ன பிழைப்பு பாருங்கள்!

'தாஜ்மகால்' நாயகன்

அப்படி நின்றவர்களில் ஒருவர் மனோஜ். டைரக்டர் பாரதிராஜாவின் மகன். 1999-ல் 'தாஜ்மகால்' படத்தில் கதாநாயகனாக அறிமுகம் ஆனார். அப்பா டைரக்‌ஷன், ஏ.ஆர்.ரகுமான் இசை. ஊர் ஊராக அவர் முகம் போஸ்டரில் ஒட்டப்பட்டது.

பத்து வருடம் கழித்து அதே மனோஜ், டைரக்டர் ஷங்கரிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 'எந்திரன்' செட்டில் முகத்தைக் காட்டாமல் ரஜினிக்கு டூப்பாகவும் நின்றார். 'ஹீரோவாக நடித்தவன் டூப் போடுவதா' என்று அவர் முறுக்கிக் கொள்ளவில்லை. தொழில் கற்றுக்கொண்டார். 2023-ல் 'மார்கழி திங்கள்' படத்தை டைரக்ட் செய்தார்.

2025 மார்ச் 25-ந்தேதி மாரடைப்பால் காலமானார். வயது 48. சிட்டிக்குப் பின்னால் நின்றது மனோஜ் என்கிற விஷயம் அதன் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது நாலு பேர் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் இல்லையா?

முகம் காட்டியும் தெரியவில்லை

இன்னொரு கூத்து. வில்லன் டேனி டென்சோங்பா ரோபோவை விலை பேசுகிற இடத்தில் ஷா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் வருவார். அவர் நடிகர் அல்ல, படத்தின் ஆர்ட் டைரக்டர் சாபு சிரில்! ரோபோ லேபை உருவாக்கிய மனிதர் ஒரு காட்சியில் வந்து நிற்கிறார், தியேட்டரில் ஒரு விசில் கூட இல்லை. அவருக்கும், கிராபிக்ஸ் வேலைகளைக் கவனித்த சீனிவாஸ் மோகனுக்கும் இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

எழுத்தாளர் சுஜாதா கதை இன்னும் வருத்தம். வசனம் எழுதிக் கொடுத்தார். 2008 பிப்ரவரியில் காலமானார். சிட்டி பேசியதைக் கேட்க அவர் இல்லை. (கிளிமஞ்சாரோ பாட்டை ஆப்பிரிக்காவில் எடுத்ததாக இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. எடுத்தது தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மச்சு பிச்சுவில்!)

இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே போகின்றன? படம் முடிந்ததும் பொடி எழுத்தில் விறுவிறுவென்று ஓடுகின்றன. முதல் பெயர் மேலே ஏறுவதற்குள் கதவு திறக்கிறது, விளக்கு எரிகிறது. ஜனங்கள் செருப்பைத் தேடுகிறார்கள். இரண்டாவது ஆட்டம் விட்டு செங்கம், வேட்டவலம் போகிறவர்களுக்குப் பஸ் கவலை. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் தியேட்டர்காரர் விளக்கை இரண்டு நிமிடம் தாமதமாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ரகசியத்தைச் சொன்னால் மயக்கம் போய்விடும் என்கிறார்கள் சினிமாக்காரர்கள். பொய்க்கால் குதிரை ஆடுகிறவர் இடுப்புக்கு மேலே ஆளாகத்தான் தெரிகிறார். குதிரை பொய் என்று குழந்தைக்கும் தெரியும். கூட்டம் கலைந்தா போய்விட்டது?

இந்த ஊரில் கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி உயர மலை மேல் கொப்பரை ஏறுகிறது. தோளில் சுமந்து போகிறார்கள். தீபம் ஏற்றுகிற உரிமை பர்வதராஜ குலத்தாருடையது என்று ஊரே சொல்கிறது. அதைச் சொன்னதால் ஜோதி மங்கவில்லை.

உயிரும் போகிறது!

பெயர் மறைவதோடு போனால் பரவாயில்லை. 2020 பிப்ரவரி 19-ந்தேதி இரவு, சென்னையை அடுத்த பட நகரில் ஷங்கரின் 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து 3 பேர் பலி. மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் கார் பாயும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் பலி. இரண்டு நாள் பரபரப்பு, அப்புறம் கப்சிப்.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. இந்தி நடிகர் அக்‌ஷய்குமார் ஏறக்குறைய 650 ஸ்டண்ட் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று. 'எந்திரன்' இரண்டாம் பாகமான '2.0' படத்தின் வில்லன் அவர்தான். நல்ல மனசு. ஆனால் இது ஒரு நடிகரின் தர்மமாக ஏன் இருக்க வேண்டும்? கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுப்பவர்கள், கேமரா ஓடுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் காகிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும். ஆஸ்கார் கமிட்டியே 2025-ல்தான் விழித்துக் கொண்டது. 2027-ல் வெளியாகும் படங்களில் இருந்து ஸ்டண்ட்டுக்குத் தனி விருது என்று அறிவித்திருக்கிறது.

'எந்திரன்' எப்படியும் மறுபடி டி.வி.யில் வரும். இரண்டு ரஜினியும் பேசும்போது, முதுகைக் காட்டி நிற்கும் ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள். வில்லன் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'அதுதாங்க சாபு சிரில்' என்று சொல்லுங்கள்.