தராசு யார் கையில்?



பள்ளிக்கூட லீவுக்குப் பருத்தித்துறைக்கு வந்து, அம்மாவின் அடுப்படியில் இருந்து இதை எழுதுகிறேன். பருத்தித்துறை வடையை நீங்களும் தின்றிருப்பீர்கள். நான் கொண்டுவரும் பார்சலை லயத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். உளுந்து எவ்வளவு, மா எவ்வளவு, எண்ணெய் எந்தச் சூட்டில் என்பதெல்லாம் இங்கே பெண்களுக்கு அத்துப்படி. ஊர் அதைக் 'கைப்பக்குவம்' என்கிறது. கடை போட்டு விற்கிறவர்தான் 'தொழில் தெரிந்தவர்'.

மலையிலும் இதே கதை. கொழுந்தெடுப்பதில் பெரும்பகுதி பெண்கள். எதைக் கிள்ளலாம், எதை அடுத்த சுற்றுக்கு விடலாம் என்று ஒரே பார்வையில் அறிந்து இரண்டு கையாலும் கிள்ளுகிறவர்கள். அதற்குப் பெயர் 'பொம்பளை வேலை'. தராசு பிடிப்பதும், பேர் போடுவதும், பின்னால் நின்று சத்தம் போடுவதும்தான் திறமையாம்!

இந்த எண்ணத்துக்குச் சட்டமே விலை குறித்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தேயிலைத் தோட்டங்களில் ஆண் பெண் சம்பளம் சமமானது 1984இல்தான். அது அரசும் துரைமாரும் குறித்த விலை. நம் தலைக்குள் இருக்கிற விலையை யார் குறித்தது?

சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஒரு தோட்டக் கமிட்டிக் கூட்டம். "கவ்வாத்து வெட்டி இப்பதான் தளிர்த்த மலையில அதே கிலோ கேட்டா எப்படி வரும்? அதுக்குத் தனிக்கணக்குக் கேட்போம்" என்றார், முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஓர் அக்கா. ஒருவரும் காது கொடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு தம்பி அதையே சொன்னார். நல்ல யோசனை என்று தம்பியின் பெயரில் தீர்மானம் எழுதினார்கள். நான் எழுந்து திருத்தச் சொன்னேன். "விடுங்க டீச்சர், யார் சொன்னா என்ன?" என்றார்கள். யார் சொன்னாலும் ஒன்றுதான் என்றால், அக்கா சொன்னபோது ஏன் எழுதவில்லை?

ஆண்கள் மட்டும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் கணக்கு நான்தான் படிப்பிக்கிறேன். "கணக்குக்கு சேர் இல்லையா, டீச்சர்?" என்று கேட்கிறவர்கள் தாய்மார்.

மாதர் தலைவி இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். மே தினத்துக்குப் பெண்களைத் திரட்ட அவரை அழைக்கிறோம். துரையோடு சம்பளம் பேசப் போகும்போது அழைக்கிறோமா? சந்தா வெட்டும்போது மட்டும் ஆண், பெண் பார்ப்பதில்லை.

வருகிற கமிட்டித் தெரிவில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றில் இரண்டுக்குக் கொழுந்தெடுக்கிற பெண்களை நிறுத்துவோம். அவர்களுக்கு அனுபவம் போதாது என்கிற தலைவர்கள் ஒரு நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறட்டும். மாலையில் அவர்களுடைய கொழுந்தை நாங்கள் நிறுக்கிறோம்.