கனத்தில் இல்லை கதகதப்பு



நான் கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்துபவன். ஆனாலும், வெப்பம் பற்றி மாணவன் ஒருவன் கேட்ட நேரான கேள்விக்கு ஒருமுறை தவறான விடை சொல்லிவிட்டேன். அந்தத் தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அவன் காஷ்மீரத்தில் உள்ள குல்மார்குக்குப் பனிச்சறுக்குப் பயிற்சிக்காகப் புறப்பட்டான். நம் ஊர் வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத பிள்ளை. "சார், வெளிக் கால்சட்டைக்கு உள்ளே குளிருக்காக ஒன்று போட வேண்டுமாம். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். "கடையில் இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்து வாங்கு" என்றேன். அவனும் பருத்திப் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கால்சட்டை ஒன்றை வாங்கிச் சென்றான்.

புதிதாகப் பயில்பவர்கள் சறுக்குப் பலகைகளோடு சரிவில் நடந்து ஏறுவார்கள். பிறகு சறுக்கி இறங்குவார்கள். முதல் நாள் ஒரு மணி நேரத்திற்குள் அவன் தொடைகள் வியர்வையில் நனைந்துவிட்டன. அடுத்து, தன் முறை வரும்வரை காற்றில் நின்றான். கால்கள் நடுங்கின. நடுக்கம் உடல் முழுதும் பரவியது, பேச்சுக் குழறியது. பயிற்சியாளர் அதைக் கவனித்து, உள்ளே அழைத்துச் சென்று உலர்ந்த ஆடை அணிவித்தார். அதனால் பிழைத்தான். உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியசிலிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்கிவிடும். நடுக்கமும் குழறலும் அதன் எச்சரிக்கைகள்.

திரும்பி வந்தவன், "நீங்கள் சொன்னதைத்தான் வாங்கினேன் சார்" என்றான். குறை சொல்லும் குரலில்கூட அல்ல. எனக்குத்தான் தலை கவிழ்ந்தது.

சூடு எங்கே இருக்கிறது?

பனிக்கட்டி விற்பவர் அதைச் சாக்கில் சுற்றி, மரத்தூளில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாக்கு சூடு தருவதாக இருந்தால் பனிக்கட்டி உருகிவிடுமே! எந்த ஆடையும் சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் கடந்து செல்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையையும் பெரும்பாலும் செய்வது நூலிழை அன்று. இழைகளுக்கு இடையே அகப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. இழைகளின் பணி அந்தக் காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதே.

இனி நனைந்த ஆடையைப் பாருங்கள். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது. நீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோ ஜூல் வெப்பம் தேவை. கால்சட்டையில் 200 கிராம் வியர்வை ஊறியிருந்தால் அது உலர 480 கிலோ ஜூல் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் ஒரு நொடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. கணக்குப் போட்டால், 480 கிலோ ஜூல் என்பது 80 நிமிடங்களில் உடல் உண்டாக்கும் மொத்த வெப்பம்! என் மாணவனின் கால்கள் நடுங்கியதில் வியப்பென்ன?

ஃபிஞ்ச் கற்ற பாடம்

1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச் என்ற வேதியியலறிஞர் கலந்துகொண்டார். மற்றவர்கள் வழக்கமான கம்பளி உடைகளை அணிந்திருக்க, இவர் மட்டும் பலூன் செய்யும் துணிக்குள் வாத்தின் மென்தூவியை நிரப்பித் தைத்த மேலங்கியோடு வந்தார். கண்டவர்கள் நகைத்தனர். ஆனால் காற்று நுழையாத மெல்லிய துணி வெளியே, அசையாத காற்று உள்ளே என்ற அந்த ஏற்பாடு, 8,300 மீட்டர் உயரம் வரை அவரைக் காத்தது. இதே ஃபிஞ்ச்தான் பின்னாளில், 1952 முதல் 1957 வரை, புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். ஆடையைக் கனத்தால் அளக்காமல் அறிவியலால் அளந்தவர் அவர்.

கால்களின் தனிக்கணக்கு

பனிச்சறுக்குக்கு மூன்று அடுக்கு ஆடை வேண்டும். தோலை ஒட்டிய அடுக்கு வியர்வையை அகற்றுகிறது. வெளி அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கிறது. நடு அடுக்கு காற்றைச் சிறைபிடிக்கிறது. நடு அடுக்கு கனமாக இருந்தால் நல்லது என்பதே பலருடைய எண்ணம். கால்களைப் பொறுத்தவரை அது தவறு என்பது என் கருத்து.

காரணம் இதுதான். சறுக்கும்போது முழங்காலை மடக்கி, உடல் எடையைத் தாங்கி, ஓயாமல் உழைப்பவை தொடைத் தசைகள். தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். ஆகவே மார்புக்குத் தேவைப்படும் அளவு தடிப்பு தொடைக்குத் தேவையில்லை. ஏறி இறங்கிப் பயில்பவருக்கு மெல்லிய கம்பளியோ, ஃப்ளீஸ் எனப்படும் பொசுபொசுப்பான பாலியெஸ்டர் துணியோ போதும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு விழுக்காடு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. கம்பளி ஈரத்தை உறிஞ்சினாலும் உடனே துவண்டுவிடாது. பருத்தியோ நீரைக் குடித்து, துவண்டு, தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் துணியும் பருத்திதான் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் தடித்த நடு அடுக்கு யாருக்கு? உயரத்தில் நெடுநேரம் அசையாமல் இருப்பவருக்கு. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கம்பிவட ஊர்தி அங்கிருந்து அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குறைந்தால், மேலே 8 டிகிரிக்கு மேல் குளிர் கூடுதல். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 21 டிகிரி போல உறைக்கும். அங்கே பாலியெஸ்டர் இழை நிரப்பிய கால்சட்டை உதவும். தூவி நிரப்பியது உலர்குளிருக்கு மிக நல்லது. ஈரப்பட்டால் கட்டிகட்டியாகச் சுருண்டு பயனற்றுப் போகும்.

வாங்கும்போது இன்னும் மூன்றைப் பாருங்கள். முதலாவது, நீளம். சறுக்குக் காலணி கெண்டைக்கால் வரை இறுகப் பிடிக்கும். அதனுள் தடித்த துணி மடிந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும்; விரல்களுக்குச் சூட்டைக் கொண்டு செல்வதே இரத்தம்தான். ஆகவே காலணிக்கு மேலேயே முடியும் முக்கால் நீளமே ஏற்றது. இரண்டாவது, பக்கவாட்டு ஜிப். இடுப்பு முதல் கீழ்வரை இருந்தால், காலணியைக் கழற்றாமலே கால்சட்டையைக் கழற்றலாம். மூன்றாவது, தளர்வு. வெளிக் கால்சட்டையையும் அணிந்து, கடையிலேயே குந்திப் பாருங்கள். முழங்காலில் இழுத்துப் பிடித்தால் அங்கே காற்று பிதுங்கிவிட்டது என்று பொருள். இறுக்கமான இரண்டு கனத்த ஆடைகளைவிடத் தளர்வான ஒரு மெல்லிய ஆடை மேல்.

"குளிரில் விறைப்பதைவிட வியர்ப்பது மேலல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். குளிர்நாட்டில் வியர்ப்பதுதான் விறைப்பதன் தொடக்கம் என்பேன் நான். புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். கழற்ற முடியாத ஒரே கனத்த ஆடைக்குப் பெற்றோர் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நான் ஏன் தவறு செய்தேன் தெரியுமா? "பஞ்சு அரிதில் கடத்தி" என்று பாடநூல் அட்டவணையில் படித்ததோடு நின்றுவிட்டேன். உலர்ந்த பஞ்சா, நனைந்த பஞ்சா என்று கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை உலர்ந்த துணியாலும் மற்றொன்றை அதே அளவு ஈரத் துணியாலும் சுற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பிறகு ஈரத் துணிக்குப் பதிலாக ஈரக் கம்பளி, ஈரப் பாலியெஸ்டர் என்று மாற்றிப் பாருங்கள். பனிமலைக்குப் போகாமலே, போகிறவருக்குச் சரியான விடை சொல்ல உங்களால் முடியும்.