கண் கெடும் முன்
மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டக் கொல்கத்தாவிலிருந்து புருலியாவின் அயோத்தியா மலைக்குப் போகிறவர்கள் ஹெல்மெட் வாங்குகிறார்கள். கண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல், இமைக்க நேரம் தராது.

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். நேதாஜி சுபாஷ் சாலை ஹார்டுவேர் கடைகளில் பட்டறைத் தொழிலாளர்களுக்கு விற்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போதும். ‘ஐ.எஸ். 5983’ என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். நடைபாதைக் கறுப்புக் கண்ணாடி உடைந்தால் சில்லே கண்ணைக் குத்தும். மரநிழலில் குழியையும் மறைக்கும். நிறமற்ற பாலிகார்பனேட்டே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும்.

பக்கவாட்டையும் மூடுகிறதா, ஹெல்மெட்டில் இடிக்கிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள். வங்காளத்துப் புழுக்கத்தில் ஆவி படியும். காற்றுத் துளைகள் உள்ளது நல்லது. சேற்றைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் கழுவுங்கள். கீறலால் பார்வை மங்கினால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்கு மாற்று உண்டு.