கேமராவில் கார்டு இருந்தது... கார்டில் படம் இல்லை!

எங்கள் வீட்டு ஹாலில் ஆயாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு மடிப்புக் கோடு தெரியும். தோள்பட்டைக்குப் பக்கத்தில் லேசாக வெற்றிலைக் கறை. "நல்ல படமா ஒண்ணு பெருசு பண்ணி மாட்டக் கூடாதா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அம்மா என்னைப் பார்ப்பார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அந்த மடிப்புக்குக் காரணம் நான்தான். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் விசேஷம் வருகிறது என்றால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது, லீவில் நாட்றம்பள்ளிக்கு வந்தால் பக்கத்துத் தெரு ஸ்டூடியோ அண்ணாவிடம் உதவிக்குப் போவேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கேமராவைத் தொடலாம். முகூர்த்த நாட்களில் அவருக்குக் கல்யாண வேலை. மற்ற நாட்களில் ஷூ. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கத்தில் தோலைச் சுற்றி எல்லா வீட்டிலும் யாருக்காவது ஒரு வேலை இருக்கும். என் அத்தை அப்பர் தைக்கப் போகிறார். ஸ்டூடியோ அண்ணா சாம்பிள் ஷூக்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறார்.

ஷூ எடுப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கம்பெனியிலிருந்து ஒருவர் கூடவே வந்து உட்காருவார். "இந்தத் தையல் தெரியலையே", "பிரவுன் ஏன் சிவப்படிக்குது?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி வரும். கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையைக் காட்டி அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் கேமராவை ஒரு யூ.எஸ்.பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்துவிடுவார் அண்ணா. பட்டனை அழுத்தியதும் படம் பெரிய திரையில் வந்து நிற்கும். இதற்கு 'டெதரிங்' என்று பெயர். மாட்டைக் கயிற்றில் கட்டுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்!

இதே வித்தையை அண்ணா கல்யாணத்துக்கும் கொண்டுவந்தார். மண்டப வாசலில் பூ அலங்காரத்தோடு ஒரு மூலை, ஒரு நாற்காலி, கேமரா, லேப்டாப், பக்கத்தில் பிரின்டர். விருந்தாளி உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் நாலுக்கு ஆறு சைஸில் படம் கையில் வந்துவிடும். என் பெரியப்பா மகளின் ரிசப்ஷனில் அந்த மூலைக்குப் பொறுப்பு நான்.

ஆயா மேடை ஏறவில்லை, முழங்கால் விடவில்லை. "வாசல்லயே உக்காந்துக்கறேன்டி" என்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பச்சைப் பட்டுப் புடவை, காதில் பழைய கம்மல். எதற்கோ சிரித்தார். ஒரே கிளிக். பிரின்ட்டை வாங்கிப் பார்த்தார், இரண்டாக மடித்தார், வெற்றிலையோடு சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். "ஆயா, மடிக்காத" என்று நான் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

மறுநாள் லேப்டாப்பில் இடம் இல்லை என்று காட்டியது. 'ஷூ டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. "லைட்டு பார்க்க எடுத்ததும்மா, தேவையில்ல" என்று முந்தின நாள்தான் அண்ணா சொல்லியிருந்தார். ஷிஃப்ட் டெலிட். முடிந்தது.

அந்த ஃபோல்டருக்குள்தான் ரிசப்ஷன் படங்கள் இருந்தன.

நான் 'ரிசப்ஷன்' என்று புது ஃபோல்டர் திறந்தது உண்மை. ஆனால் படங்களை வாங்கிச் சேமிக்கும் சாஃப்ட்வேருக்கு அதைச் சொல்லவில்லை. அது கடைசியாக எந்த ஃபோல்டரில் போட்டதோ அதிலேயே போட்டுக்கொண்டிருந்தது. பிரின்ட் ஒழுங்காக வந்ததால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை. மூன்று நாள் கழித்து ஆல்பத்துக்காக அண்ணா கேட்டபோதுதான் 'ரிசப்ஷன்' ஃபோல்டரைத் திறந்தேன். காலி.

"சரி விடும்மா, கார்டுல இருக்கும்" என்றார் அண்ணா. கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். போன மாதம் எடுத்த ஒரு காதுகுத்து இருந்தது. எங்கள் ரிசப்ஷன் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அண்ணா மாதிரி அனுபவசாலியே ஏமாந்தார். கேமராவுக்குள் கார்டு இருக்கிறது, லேப்டாப்பிலும் படம் வருகிறது, ஆக இரண்டு இடத்தில் இருக்கிறது என்றுதானே தோன்றும்? கேபிள் போட்டு எடுக்கும்போது அப்படி இல்லை. படம் எங்கே போக வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. சோனி கேமராக்களில் 'பி.சி மட்டும்', 'பி.சி மற்றும் கேமரா' என்று தேர்வு செய்யலாம். கேனானின் இ.ஓ.எஸ் யுடிலிட்டியிலும் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கார்டிலும் சேமிக்கச் சொல்ல வழி உண்டு. 'பி.சி மட்டும்' என்று இருந்தால் படம் கார்டைத் தொடாமலே கேபிள் வழியாக ஓடிவிடும். கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஷூ எடுக்கும்போது வேகம் வேண்டும் என்று எப்போதோ வைத்த செட்டிங் அது. ஷூ பரவாயில்லை. படம் போனால் சாம்பிளை எடுத்து வைத்து இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம்.

அழித்ததை மீட்க முடியாதா என்று கேட்பீர்கள். நாங்களும் திருப்பத்தூர் வரைக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். மெமரி கார்டிலோ பழைய சுழலும் ஹார்டு டிஸ்கிலோ அழித்தது என்றால், அதன் மேல் வேறு எதுவும் பதியாதவரை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. இப்போதைய லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி வேறு மாதிரி. ஒரு ஃபைலை அழித்ததும் 'இந்த இடம் இனி தேவையில்லை' என்று விண்டோஸ் அதற்குத் தகவல் கொடுத்துவிடும். 'டிரிம்' என்று பெயர். எஸ்.எஸ்.டி தன் பாட்டுக்கு அந்த இடத்தைத் துடைத்து வைத்துவிடும். கடைக்காரர் இரண்டு மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காசுகூட வாங்கவில்லை.

அடுத்த தை மாதம் ஆயா போய்விட்டார்.

படம் தேடியபோதுதான் அந்த நாற்காலிப் படம் எல்லோருக்கும் நினைவு வந்தது. மேடைக் கேமராவின் படங்கள் பத்திரமாக இருந்தன, ஆனால் ஆயாதான் மேடை ஏறவே இல்லையே. கடைசியில் அம்மா சுருக்குப் பையைப் பிரித்தார். பாக்குத் தூளுக்கு நடுவில் இருந்தது, இரண்டாக மடித்த அந்த பிரின்ட்.

இப்படி மாட்டிக்கொண்டவள் நான் மட்டுமில்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்திலேயே 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களை யாரோ தவறான ஒரு கட்டளையால் அழித்துவிட்டார்கள். பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாகவே வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் காரில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து படத்தைக் காப்பாற்றினார்கள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன '3-2-1' கணக்கும் இதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில்.

"அதான் கிளவுட்ல சிங்க் போட்டிருக்கேனே" என்று சிலர் சொல்வார்கள். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. லேப்டாப்பில் சேர்த்தால் அங்கேயும் சேரும். லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும். அன்றைக்கு சிங்க் இருந்திருந்தால் என் ஷிஃப்ட் டெலிட் அதையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். சில சேவைகளில் அழித்தது கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் நாம் கவனித்தால் உண்டு. கார்டில் இருக்கும் பிரதிக்கு இந்த ஆபத்து இல்லை. லேப்டாப்பில் நான் என்ன கூத்தடித்தாலும் கேமராவுக்குள் இருக்கிற கார்டுக்குத் தெரியாது.

கேபிளாலும் ஒரு தொல்லை உண்டு. கல்யாண மண்டபத்தில் குழந்தைகள் காலில் மாட்டி இழுப்பார்கள். லேப்டாப்புக்குப் போய்ச்சேராத படம் கார்டிலும் இல்லை என்றால், நடுவழியிலேயே காணாமல் போகலாம். கேபிளை மேஜைக் காலோடு ஒரு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுவது அண்ணாவின் புது வழக்கம்.

இப்போது அவர் ஸ்டூடியோவில் எந்த வேலையானாலும் முதலில் இரண்டு படம் எடுப்பார். கேபிளைப் பிடுங்குவார். கேமராவின் பிளே பட்டனை அழுத்துவார். அந்த இரண்டு படமும் கேமராவில் தெரிந்தால்தான் மறுபடி கேபிளை மாட்டுவார். எந்தக் கம்பெனி கேமராவாக இருந்தாலும் இந்தச் சோதனை செல்லும். செட்டிங் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கார்டில் பெரிய 'ரா' ஃபைலும் லேப்டாப்புக்கு ஜேபெக் மட்டும் போகும்படியும் வைத்திருக்கிறார், அதனால் பிரின்ட் வேகமும் குறைவதில்லை. விசேஷம் முடிந்த அன்று ராத்திரியே எல்லாம் ஒரு தனி ஹார்டு டிஸ்கில் ஏறும். அது அவர் வீட்டு பீரோவில் இருக்கும், ஸ்டூடியோவில் இல்லை. ஆல்பம் கொடுக்கும்வரை கார்டை ஃபார்மேட் செய்வதில்லை.

நீங்கள் போட்டோகிராபர் பேசும்போது சாப்பாட்டுக்கு எத்தனை பேர், டிரோன் உண்டா என்றெல்லாம் கேட்கிறீர்கள். "உடனே பிரின்ட் போடறீங்களே, அந்தப் படம் கார்டுலயும் இருக்குமாண்ணா?" என்று இதையும் கேட்டுவிடுங்கள். நல்ல போட்டோகிராபர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியது. அதைப் பற்றிப் படித்தபோது, நானும் ஒரு சின்னத் தேடலை ஆரம்பித்தேன். ரிசப்ஷனில் படம் வாங்கிப் போன சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக போன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது, பூஜை அறையில் வைத்தது, பாஸ்புக்குக்குள் செருகியது என்று ஒவ்வொன்றாக வருகின்றன. அண்ணாவின் ஸ்டூடியோவில், அதே கேமராவில், அதே கேபிளை மாட்டித்தான் அவற்றைத் திரும்பப் படம் எடுக்கிறோம். இதுவரை 31 கிடைத்திருக்கிறது. பர்கூர் மாமா வீட்டில் இன்னும் மூன்று இருக்கிறதாம். தீபாவளிக்கு வரும்போது எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.