வாசகர் குரலும் நூலகமும்

நூலகத்தின் குறைகளை நன்கறிந்தவர் அங்கு அமர்ந்து படிப்பவரே. கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் காலத்தைப் பேணுக என்பதாம். அக்காலம் எங்கே வீணாகின்றதென்பதை வாசகரைக் கேளாது அறிவதெங்ஙனம்?

ஆயின், பெட்டி வைத்துக் கருத்துக் கேட்டபின் வாளாவிருத்தல் கேளாமையினுந் தீது. மறுமுறை எழுத எவர் கை எழும்? ஆதலின், நம் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில், பரீட்சைக் காலத்து இருக்கை போதாமை முதலாய முறைப்பாடுகளும் அவற்றுக்குரிய விடைகளும் ஒரே பலகையில் அருகருகே விளங்குதல் வேண்டும். இயலாதனவற்றுக்குக் காரணமுங் கூறுதல் வேண்டும் என்பது எம் துணிபு.

இக்கல்லூரியினின்றும் பல்கலைக்கழகம் புகும் இளைஞர்களே! குறைகண்டு முணுமுணுத்து அகலாது, தெளிவுற எழுதுங்கள். விடை பெறும்வரை கேட்டலும் உங்கள் உரிமையே.